அமெரிக்கக் கல்லூரியில் வேதியியல் பிளேஸ்மென்ட் தேர்வு: ஆயத்த வகுப்பை ஏற்றுக்கொள்வதா, மறுபடி எழுதுவதா?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் கோவையில் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ முடித்தவள். வேதியியலில் 100-க்கு 96 வாங்கினாள். வரும் ஆகஸ்டில் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலுள்ள ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் இளநிலைப் படிப்பில் சேரவிருக்கிறாள். சேர்க்கை, விசா எல்லாம் முடிந்த பிறகு, முதலாண்டு வேதியியல் வகுப்பில் பதிவு செய்வதற்கு முன் ஒரு பிளேஸ்மென்ட் தேர்வை இணையவழியில், கண்காணிப்புடன் எழுத வேண்டும் என்று கடிதம் வந்தது. பிளேஸ்மென்ட் என்றால் நம் ஊரில் நான்காம் ஆண்டில் நிறுவனங்கள் வந்து ஆள் எடுப்பதுதானே. அது எதற்கு முதலாண்டிலேயே என்று நான் முதலில் குழம்பியதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். மாணவரை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று தீர்மானிக்கும் தேர்வு என்பது பிறகுதான் புரிந்தது.

மொத்தம் 44 கேள்விகள், 45 நிமிடங்கள். அவள் எடுத்தது 23. பொது வேதியியல் முதல் தாளுக்கு நேரடியாகப் போக அந்தத் துறை வைத்திருக்கும் கட்-ஆஃப் 26. ஆகவே முதல் பருவத்தில் ஆயத்த வேதியியல் வகுப்பில் சேருமாறு சொல்லியிருக்கிறார்கள். பொது வேதியியல் இரண்டு தாள்கள், அதன்பின் கரிம வேதியியல் இரண்டு தாள்கள், அதற்கும் பின்தான் உயிர்வேதியியல் என்று பாடங்கள் சங்கிலிபோல் கோக்கப்பட்டிருப்பதால், முதல் கண்ணி தள்ளிப்போனால் எல்லாமே தள்ளிப்போகுமோ என்பது எங்கள் கவலை. கட்டணமும் சிறியதல்ல. 96 வாங்கிய பிள்ளைக்கு அடிப்படை வகுப்பா என்று வீட்டில் அவளுடைய தாத்தா கோபித்துக்கொள்கிறார். அவளோ இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்தத் தேர்வு உண்மையில் எதை அளக்கிறது? மறுபடி எழுத வாய்ப்புக் கேட்கலாமா? கேட்டால் எப்படித் தயாராவது, பழைய வினாத்தாள்கள் எங்கே கிடைக்கும்? அல்லது அவர்கள் சொல்வதையே ஏற்றுக்கொள்வது நல்லதா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

சோதனைக்குழாய் எழுதியது:

ஐயா, நான் பதினான்கு ஆண்டுகளாக இங்கே ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு வேதியியல் நடத்துகிறேன். இத்தகைய தேர்வுகளின் கட்-ஆஃபை முடிவுசெய்யும் குழுவிலும் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். தாத்தாவிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். நம் ஊர்க் கட்-ஆஃப் இடத்துக்கானது; ஒருவருக்குக் கிடைத்தால் இன்னொருவருக்கு இல்லை. இது அப்படியல்ல. உங்கள் மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. எந்தப் படியில் கால் வைத்து ஏறுவது என்பதுதான் கேள்வி.

44 கேள்வி, 45 நிமிடம் என்பதைப் பார்த்தால், அமெரிக்க வேதியியல் சங்கத்தின் தேர்வு நிறுவனம் வெளியிடும் கலிபோர்னியா வேதியியல் கண்டறிதேர்வாக அது இருக்கலாம் என்று நினைக்கிறேன். இதே வேலைக்கு டொலிடோ தேர்வு என்ற இன்னொன்றும் உண்டு. 1950-களின் இறுதியில் ஒஹையோ மாநிலத்தின் டொலிடோ பல்கலைக்கழகத்தில், பொது வேதியியலில் யார் தோற்பார்கள் என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்ற முயற்சியிலிருந்து பிறந்தது அது. அதன் 60 கேள்விகளில் மூன்றில் ஒரு பங்கு வெறும் கணக்கு என்பதைக் கவனியுங்கள். இப்போது பல இடங்களில் அலெக்ஸ் என்ற கணினித் தேர்வையும் பயன்படுத்துகிறார்கள். 1990-களில் கலிபோர்னியாவின் அர்வைன் வளாகத்தில் உருவான அந்த முறையில், ஒரு கேள்விக்கு மாணவர் தரும் விடையைப் பார்த்துத்தான் அடுத்த கேள்வியே தேர்ந்தெடுக்கப்படும். பெரும்பாலும் விடைத்தெரிவுகள் இல்லை, எண்ணையோ சமன்பாட்டையோ நாமே எழுத வேண்டும்.

இவை எதை அளக்கின்றன என்று கேட்டீர்கள். வேதியியல் என்று தலைப்பில் இருந்தாலும், விகிதங்களைக் கையாளத் தெரிகிறதா என்பதைத்தான் பெருமளவுக்கு அளக்கின்றன. ஓர் எடுத்துக்காட்டு. 5.4 கிராம் அலுமினியத்தை வேண்டிய அளவுக்கு மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் எத்தனை மோல் ஹைட்ரஜன் வரும்? அலுமினியத்தின் அணு நிறை 27, ஆகவே 0.2 மோல், இரண்டு மோல் அலுமினியம் மூன்று மோல் ஹைட்ரஜனைத் தருமாதலால் விடை 0.3. கிராமை மோலாக மாற்றும் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் 0.2 என்ற தெரிவில் நின்றுவிடுவார். விகிதம் உண்டென்று தெரிந்தும் அதைத் தலைகீழாகப் போட்டவர் 0.13-ஐத் தேர்ந்தெடுப்பார். தவறான விடைகளெல்லாம் இப்படிக் குறிவைத்து எழுதப்பட்டவை என்பதால், எத்தனை தவறு என்பதைவிட எந்தத் தவறு என்பதே எங்களுக்குப் பயனுள்ள செய்தி. துரதிருஷ்டவசமாக, பெரும்பாலான துறைகள் மொத்த மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தச் செய்தியைத் தூக்கிப் போட்டுவிடுகின்றன.

இங்கே நம் பிள்ளைகளுக்கு ஒரு சாதகமும் ஒரு பாதகமும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். மடக்கை அட்டவணையை வைத்துக் கையால் கணக்குப் போட்டு வளர்ந்தவர்கள் என்பதால் கணிப்பான் இல்லாமலே எண்களோடு பழகுவார்கள். டெக்சஸ் மாநிலக் கல்லூரிகள் சிலவற்றில் கணிப்பான் இல்லாமல் பதினைந்தே நிமிடத்தில் எழுதும் ஒரு கணக்குத் தேர்வின் மதிப்பெண், பொது வேதியியல் தேர்ச்சியோடு ஒட்டிப்போவதை அங்குள்ள ஆசிரியர்கள் ஆராய்ந்து எழுதியிருப்பதால், இது சிறிய சாதகமல்ல. பாதகம், புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளுக்கு அப்பால் கேள்வி வந்தால் கை நின்றுவிடுவது. 96 மதிப்பெண் பொய்யல்ல, ஆனால் அது வேறொரு தராசில் நிறுத்தது.

இனி 23-க்கும் 26-க்கும் வருகிறேன். ஒரு மாணவிக்கு 18 கேள்விகள் ஐயமறத் தெரியும் என்றும், மீதி 26-க்கும் நான்கு தெரிவுகளில் ஒன்றை ஊகித்துக் குறிக்கிறாள் என்றும் வைத்துக்கொள்வோம். ஊகத்தில் சராசரியாக ஆறோ ஏழோ சரியாகும். அதிர்ஷ்டத்தைப் பொறுத்து இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். அதாவது அதே மாணவி, அதே அறிவோடு, ஒரு நாள் 22-ம் இன்னொரு நாள் 27-ம் எடுக்க முடியும். 12 எடுத்தவரையும் 38 எடுத்தவரையும் இந்தத் தேர்வு நன்றாகவே பிரித்துக் காட்டும். கட்-ஆஃபுக்கு இரண்டு பக்கமும் மூன்று நான்கு மதிப்பெண் தொலைவில் நிற்பவர்களைப் பற்றி அது சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் மகள் நிற்பது அந்த மங்கலான இடத்தில்தான் என்பதால், மறுதேர்வு கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

பழைய வினாத்தாள் கிடைக்குமா என்றால், கிடைக்காது. அந்தச் சங்கத்தின் தேர்வுத்தாள்கள் பூட்டி வைக்கப்படுபவை. கைடும் ஐந்தாண்டு வினாத்தாள் தொகுப்பும் விற்கும் கடை இதற்குக் கிடையாது. இணையத்தில் யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

வைகைக்கரையான் எழுதியது:

ஐயா, நான் மதுரையில் பிளஸ் டூ படித்துவிட்டு வந்து இங்கே மூன்றாமாண்டு படிக்கும் மாணவன். என் கதை எதிர்த்திசையிலானது என்பதால் சொல்கிறேன்.

தேர்வுக்கு முந்தைய மூன்று நாட்களில் அயனிகளின் பெயர்கள், சூத்திரங்கள், அலகு மாற்றங்கள் எல்லாவற்றையும் உருப்போட்டுவிட்டுப் போய், சரியாகக் கட்-ஆஃபில் தேறி, நேரடியாகப் பொது வேதியியலில் சேர்ந்துவிட்டேன். செப்டம்பர் வரை எல்லாம் தெரிந்த பாடமாக இருந்தது. அக்டோபரில்தான் வாரத்துக்கு ஓர் அத்தியாயம் ஓடுகிறது என்பதும், பேராசிரியரின் உச்சரிப்பை நான் பாதிதான் பிடிக்கிறேன் என்பதும், ஞாயிறு நள்ளிரவுக்குள் இணையத்தில் வீட்டுப்பாடம் ஏற்றாவிட்டால் மதிப்பெண் போய்விடும் என்பதும் ஒன்றாகச் சேர்ந்து அழுத்தின. இரண்டாவது இடைத்தேர்வில் மிக மோசமான மதிப்பெண். பாடத்தைக் கைவிடலாம் என்று போனபோதுதான் இன்னொரு சிக்கல் தெரிந்தது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஒரு பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் படித்தாக வேண்டும். நான் எடுத்திருந்தது 14; வேதியியலுக்கு 4. விட்டால் 10 ஆகிவிடும். அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தின் முன் அனுமதி இல்லாமல் அதற்குக் கீழே இறங்கினால் விசா நிலைக்கே ஆபத்து. எனவே இருந்து, நூலகத்தில் இரவு இரவாக உட்கார்ந்து, சி பிளஸ் வாங்கினேன். எங்கள் துறையில் அடுத்த தாளுக்குப் போக சி போதும் என்பதால் தப்பித்தேன்.

தங்கை நேரடி வகுப்புக்குப் போனாலும் சரி, ஆயத்த வகுப்புக்குப் போனாலும் சரி, முதல் பருவத்தில் 15 கிரெடிட்டுக்குக் குறையாமல் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒன்றை விட வேண்டி வந்தால் மூன்று கிரெடிட் பாடத்தையாவது விடலாம்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

நான் கலிபோர்னியாவில் ஒரு சமுதாயக் கல்லூரியில் (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்புகள் தரும் அரசுக் கல்லூரி) மாணவர் தரவுகளை ஆராயும் பிரிவில் வேலை செய்கிறேன், வேதியியல் ஆசிரியனல்ல. பேராசிரியர் சோதனைக்குழாய் சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் அவர் இந்தத் தேர்வுகளிடம் கொஞ்சம் கருணையோடு நடந்துகொள்கிறார் என்று தோன்றுகிறது.

கணிதத்திலும் ஆங்கிலத்திலும் இதே கதை நடந்து முடிந்துவிட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி ஆய்வு மையம் 2012-இல் வெளியிட்ட ஆய்வுகள், பிளேஸ்மென்ட் தேர்வை மட்டும் நம்பியதால் கணிதத்தில் ஏறக்குறைய நான்கில் ஒருவரும் ஆங்கிலத்தில் மூன்றில் ஒருவரும் பொருந்தாத வகுப்பில் கடுமையாகத் தவறி வைக்கப்பட்டதைக் காட்டின. தவறியவர்களில் தேவையில்லாமல் கீழே தள்ளப்பட்டவர்களே அதிகம். பள்ளி மதிப்பெண் அதைவிட நன்றாக முன்கணித்தது. பரவலாகப் புழக்கத்தில் இருந்த காம்பஸ் தேர்வை அதை நடத்திய ஏசிடி அமைப்பே 2016-இல் நிறுத்திவிட்டது. 2017-இல் கலிபோர்னியா, சமுதாயக் கல்லூரிகளில் மாணவர்களைக் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் வகைப்படுத்தும்போது பள்ளிப் பதிவுகளைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. அந்தச் சட்டம் வேதியியலைத் தொடவில்லை. ஆகவே வேதியியல் துறைகள் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருக்கின்றன.

இதில் ஒரு நுட்பமான கோளாறு உண்டு. கட்-ஆஃப் சரியாக வேலை செய்கிறதா என்று துறையைக் கேட்டால், தேறி உள்ளே வந்தவர்களில் அதிக மதிப்பெண் பெற்றவர்கள் நன்றாகப் படித்தார்கள் என்று ஒரு வரைபடத்தைக் காட்டுவார்கள். கீழே தள்ளப்பட்டவர்களை நேரடி வகுப்பில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அந்த வரைபடத்தில் இருக்கவே இருக்காது, ஏனென்றால் அவர்களை யாரும் விட்டுப் பார்க்கவில்லை. நியாயமான சோதனை என்றால், 25 எடுத்து ஆயத்த வகுப்புக்குப் போனவர்களையும் 26 எடுத்து நேரடியாகப் போனவர்களையும் இரண்டாண்டு கழித்துக் கரிம வேதியியல் முடிவில் ஒப்பிட வேண்டும். இரண்டு கூட்டமும் அறிவில் ஒன்றேதான். வேறுபாடு அந்த ஒரு மதிப்பெண்ணும் அதனால் கிடைத்த வகுப்பும் மட்டுமே. ஆயத்த வகுப்பு உண்மையில் உதவியிருந்தால் 25 எடுத்தவர்கள் முந்தியிருக்க வேண்டும். இந்த ஒப்பீட்டைச் செய்திருக்கிறீர்களா என்று நான் கேட்ட துறைகள் பெரும்பாலும் பேச்சை மாற்றின.

சொல்ல வந்தது இதுதான், ஐயா. தேர்வுக்கும் பாடத் தேர்ச்சிக்கும் ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதன் அளவு) 0.5 என்றே வைத்துக்கொண்டாலும், அதன் இருபடி 0.25, மாணவர்களுக்கிடையிலான வேறுபாட்டில் முக்கால் பங்கைப் பற்றி அந்த மதிப்பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. உழைப்பு, மொழி, தூக்கம், வேலைக்குப் போகிறாரா இல்லையா எல்லாம் அந்த முக்கால் பங்கில்தான் கிடக்கின்றன. பள்ளியில் செய்முறைப் பதிவேடு முதல் பாடத்திட்டம் வரை எல்லாவற்றையும் மொழிபெயர்த்து அனுப்பி, இவற்றையும் பாருங்கள் என்று, பாடப் பதிவுக்கு வழிகாட்டும் பல்கலைக்கழக அட்வைசரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

சோதனைக்குழாய் எழுதியது:

குறுக்குக்கேள்வி அவர்கள் கேட்ட ஒப்பீட்டை எங்கள் துறையும் ஒழுங்காகச் செய்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பள்ளி மதிப்பெண்ணை வைத்து முன்கணிப்பது உள்ளூர் மாணவர்களுக்குச் சுலபம், ஏனென்றால் பத்து மைல் சுற்றளவிலுள்ள பள்ளிகளின் தரம் எங்களுக்குத் தெரியும். கோவையிலிருந்து வரும் 96-ஐ எப்படி எடைபோடுவது என்று தெரியாத அட்வைசருக்கு, குறையுள்ளதானாலும், எல்லாருக்கும் பொதுவான ஒரு தாள் கையில் இருப்பது ஆறுதல்தான். பிளேஸ்மென்ட் கீழே தள்ள மட்டும் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும்: மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1989 முதல், நல்ல அடிப்படையுள்ள மாணவர்கள் பொது வேதியியலைத் தாண்டி முதலாண்டிலேயே கரிம வேதியியலில் தொடங்குகிறார்கள்.

நொய்யல்கரை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு அவளோடு உட்கார்ந்து பேசினேன். கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருப்பதால் எந்தக் கேள்வியையும் நான் கேட்கவில்லை. எங்கே தடுமாறினாய் என்று மட்டும் கேட்டேன். பவுண்டு, காலன், ஃபாரன்ஹீட் என்று அவள் பழகாத அலகுகள் வந்த இடத்திலெல்லாம் நேரம் போயிருக்கிறது. அதைவிட வியப்பானது இன்னொன்று. கடைசி ஏழு கேள்விகளுக்கு நேரம் போதாமல், விடை தெரியாமல் குறிக்கக் கூடாது என்று அப்படியே விட்டுவிட்டாளாம். ஓராண்டு நீட் பயிற்சிக்குப் போன பழக்கம். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும் என்ற பயம் கையிலேயே ஊறியிருக்கிறது. இந்தத் தேர்வில் அப்படிக் கழிப்பது உண்டா?

அட்வைசருக்கும் எழுதினேன். ஜூலை முடிவதற்குள் ஒரே ஒரு முறை மறுபடி எழுதலாம் என்று மறுநாளே பதில் வந்துவிட்டது.

சோதனைக்குழாய் எழுதியது:

கழிப்பது கிடையாது. சரியானவற்றை மட்டும் எண்ணுவார்கள்; காலியாக விடுவதும் தவறாகக் குறிப்பதும் ஒன்றுதான். அப்படியானால் நான் முன்பு போட்ட கணக்கையே திருத்த வேண்டும். அவள் 44-க்கு 23 எடுக்கவில்லை, தொட்ட 37-க்கு 23 எடுத்திருக்கிறாள். அந்த ஏழையும் கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தால்கூட ஒன்றோ இரண்டோ கூடியிருக்கும். கட்-ஆஃபைத் தொட அது போதாது என்றாலும், இடைவெளி நீங்கள் பயந்த அளவுக்குப் பெரியதல்ல.

அலகுகளுக்கு ஒரு வாரம் போதும். ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர், ஒரு பவுண்டு 453.6 கிராம், ஒரு காலன் 3.785 லிட்டர் என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு, எண்ணோடு அலகையும் சேர்த்து எழுதி, மேலும் கீழும் அடித்துக்கொண்டு போகும் முறையில் தினமும் பத்துக் கணக்குப் போடட்டும். சூத்திரம் எதையும் புதிதாக உருப்போட வேண்டாம். வைகைக்கரையான் தம்பிக்கு நேர்ந்தது அதனால்தான். அவள் ஏற்கெனவே படித்த பதினோராம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடத்தை, மோலும் வினைக்கட்டுப்பாட்டுக் காரணியும் வரும் பாடத்தை, விடைகளை மறைத்துவிட்டு மறுபடி செய்தால் போதும்.

அட்வைசரிடம் இன்னும் இரண்டு செய்தி கேட்டுக்கொள்ளுங்கள். பொது வேதியியல் முதல் தாள் ஜனவரிப் பருவத்திலும் நடக்கிறதா என்பது ஒன்று. நடந்தால், மறுதேர்வில் தேறாவிட்டாலும் இழப்பு ஒரு பருவம்தான், அதைக் கோடை வகுப்பில் ஈடுகட்டலாம். ஆகஸ்டில் மட்டுமே நடக்கும் என்றால் ஓராண்டு போகும், அப்போது நீங்கள் வாதாடுவதில் பொருள் இருக்கிறது. மற்றொன்று, நேரடி வகுப்போடு சேர்த்து வாரம் இரண்டு மணி நேரத் துணைவகுப்பு உண்டா என்பது. பல பல்கலைக்கழகங்கள் ஆயத்த வகுப்புக்குப் பதிலாக இப்போது அதைத்தான் கொண்டுவருகின்றன. எல்லைக்கோட்டில் நிற்கும் மாணவிக்கு நானாக இருந்தால் அதையே பரிந்துரைப்பேன்.

இன்று மாலை அந்த அலுமினியக் கணக்கை அவளிடம் கொடுத்துப் பாருங்கள். தெரிவுகளைக் காட்டாதீர்கள்.

நொய்யல்கரை எழுதியது:

கொடுத்தேன் ஐயா. இரண்டு நிமிடத்தில் 0.3 என்று சொல்லிவிட்டாள். பிறகு தாளை வாங்கிப் பார்த்தபோது, முதலில் 0.2 என்று எழுதி, அதை அடித்துவிட்டு, ஓரத்தில் சமன்பாட்டை எழுதிச் சமன்செய்திருப்பது தெரிந்தது. ஜனவரியிலும் முதல் தாள் நடக்கிறதாம். துணைவகுப்பைப் பற்றி இன்னும் பதில் வரவில்லை. மறுதேர்வை ஜூலை மூன்றாம் வாரத்தில் பதிவு செய்திருக்கிறோம்.